பழைய வேனும் புதிய மின்விசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நிறைந்த இவ்வவையில் எஞ்சினையும் எண்ணெயையும் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். பேசச் சொன்னவர்கள் நம் இளைஞர்கள். ஹேவ்லாக்கிலிருந்து கப்பலேறி இவ்விழாவிற்கு வந்துள்ள அவர்கள், சில திங்களாகவே ஒரு வினாவை நம்மிடம் விடுத்து வருகின்றனர். "பழைய மெட்டடார் வேன் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. அதன் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தி, உள்ளே இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பும் அமைத்து, தீவுக்கு வரும் பயணிகளுக்கு ஓடும் வீடாக ஆக்கலாமா? அதனை வீட்டு முற்றத்திலேயே செய்துவிட முடியுமா?" இதுவே வினா. ஆம் என்று ஒரு சொல்லில் விடை கூறினால் அது அரை உண்மை. இல்லை என்றாலும் அவ்வாறே. ஆகவேதான் ஓர் உரைக்கான நேரத்தை அவைத் தலைவரிடம் இரந்து பெற்றோம்.

முதலில் இடத்தைக் கூறிவிடுவோம். ஹேவ்லாக் என்னும் பெயரை நாம் பழக்கத்தால் வழங்குகிறோம். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் அத்தீவின் பெயர் சுவராஜ் தீவு. 1857-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியை ஒடுக்கப் படை நடத்திய ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைச் சுமந்திருந்த தீவு அது. அதே நாளில் பக்கத்து நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று. அந்த நீல் துரைக்குச் சென்னை மவுண்ட் ரோடில் நின்றிருந்த சிலையை அகற்றக் கோரி 1927-இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சிறை புகுந்ததும், 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதனை அகற்றியதும் நாமெல்லாம் படித்தறிந்த செய்திகள். அச்செய்தி தெரிந்த தமிழர் அந்தத் தீவின் பெயர் மாறியபோது வியப்படையவில்லை. நிற்க.

போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நம் நகரிலிருந்து, வடகிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. கடல் கடந்தால் ஹேவ்லாக். கோவிந்த நகரில் இறங்குதுறை. விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று ஊர்களின் பெயர்களே அங்கு முதலில் குடியேறியவர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் என்பதைச் சொல்லும். இறங்குதுறையிலிருந்து ராதா நகர்க் கடற்கரைக்கு ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவு. இந்த 12 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நம் வினாவிற்கான விடையில் பாதி அதனுள் அடங்கியிருக்கிறது.

ஓடும் வீட்டுக்கு உலகெங்கும் முன்மாதிரியாக நிற்பது ஜெர்மனி நாட்டு வோக்ஸ்வாகன் வேன். 1947-இல் பென் பான் என்னும் டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் கோட்டுப்படமாக வரைந்த பெட்டி வடிவமே 1950-இல் ஆலையிலிருந்து வண்டியாக வெளிவந்தது. பின்புறத்தில் காற்றால் குளிரும் சிறு எஞ்சின். தொடக்கத்தில் அதன் ஆற்றல் 25 குதிரைத் திறன்தான். நம் ஊர் மோட்டார் சைக்கிள்கள் சில இன்று அதனை விஞ்சும். ஆயினும் வெஸ்ட்பாலியா என்னும் வண்டி கட்டும் நிறுவனம் அதனுள் கட்டிலும் அலமாரியும் அமைத்துத் தரத் தொடங்கியதும், அது ஒரு தலைமுறையின் கனவு வண்டியாயிற்று.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த வேனை மின்சாரத்தால் ஓட்டும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1972-இல் அந்நிறுவனமே மின்சார வேனைச் செய்து காட்டியது. அதில் ஏற்றிய ஈய அமிலப் பாட்டரியின் எடை ஏறத்தாழ 850 கிலோ. அதனுள் அடங்கிய மின்சாரம் 21.6 யூனிட். ஒருமுறை நிரப்பினால் 85 கி.மீ. வரை ஓடும். சுமை ஏற்றும் வண்டி தன் பாட்டரியையே பெருஞ்சுமையாகச் சுமந்தது. பின்னர் 2020-இல் 1966-ஆம் ஆண்டு வேன் ஒன்றின் எஞ்சினை எடுத்துவிட்டு, 45 யூனிட் லித்தியம் பாட்டரியை வைத்து, 200 கி.மீ.க்கு மேல் ஓடும் மின்வேனை அவர்கள் உலகிற்குக் காட்டினார்கள். இவ்விரு கணக்கையும் வகுத்துப் பாருங்கள். இடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் கி.மீ. ஒன்றுக்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ கால் யூனிட்டுக்கு அருகிலேயே நிற்கிறது. காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடும் பெட்டி என்றும் பெட்டிதானே! மாறியது பாட்டரியின் எடை. 1972-இல் 850 கிலோவில் அடங்கிய மின்சாரம் இன்று இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பாட்டரியில் ஏறத்தாழ 200 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய வேன்கள் மறுபிறவி எடுக்கத் தொடங்கியதன் காரணம் இதுவே.

வோக்ஸ்வாகன் வேன் நம் தீவுகளுக்கு அரிது. நமக்குக் கிடைப்பவை வேறு. சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஹெரால்டு காரைச் செய்ததுபோலவே ஸ்டாண்டர்டு 20 என்னும் வேனையும் செய்தது. அவ்வாலை இன்று இல்லை. வேனும் காண்பதற்கரிய பொருளாகிவிட்டது. புனே நகரத்து பஜாஜ் டெம்போ ஆலையில் உருவான மெட்டடார் வேனோ தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் காய்கறி மூட்டைகளையும் ஒருசேரச் சுமந்த வண்டி. கப்பலில் ஏறி இத்தீவுகளுக்கும் வந்தது. நம் இளைஞர்கள் சுட்டுவதும் இதனையே.

மின்விசையால் ஊர்வது தமிழர்க்குப் புதிய செய்தி என்று எவரும் எண்ண வேண்டா. சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது 1895-இல். இந்தியாவில் அதுவே முதல். 1953 வரை அது ஓடிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்தது 1931-இல். கோவையிலோ ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937-இல் மின்மோட்டாரை நம் நாட்டிலேயே செய்து காட்டினார்கள். 1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, எஞ்சினையும் மோட்டாரையும் ஒருசேர அறிந்த மேதை. கிணற்றுப் பம்பு மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தருபவர் இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்கள்தோறும் இருக்கின்றனர். அத்தொழிலைக் கற்று இங்கு வந்தவர்கள் இவ்வவையிலும் சிலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் மோட்டாரைப் பற்றி நாம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் வேன் மோட்டாருக்கும் பம்பு மோட்டாருக்கும் வேற்றுமை உண்டு என்பதால் சிறிது கூறுகிறோம்.

எஞ்சினைக் கழற்றினால் அதனோடு எண்ணெய்த் தொட்டி, சைலன்சர், ரேடியேட்டர் ஆகியனவும் வெளியேறும். கியர் பெட்டியை விட்டுவிடலாம். மோட்டாரையும் கியர் பெட்டியையும் இணைப்பதற்குத் தடித்த தகடு ஒன்று வேண்டும். இரண்டு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு அத்தகட்டைக் கடைந்தெடுப்பதே இவ்வேலையின் உயிர்நாடி. முடியளவு பிசகினாலும் வண்டி நடுங்கும், பேரிங் தேயும், சில நூறு கி.மீ.க்குள் கியர் பெட்டியின் அச்சு உடையும். இதற்கு நல்ல லேத்தும் அதனினும் நல்ல டர்னரும் வேண்டும். ஹேவ்லாக்கில் இவ்விரண்டும் எளிதில் கிட்டமாட்டா. போர்ட் பிளேருக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும்.

மோட்டாருக்கு அடுத்துக் கன்ட்ரோலர். பாட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் எப்பொழுது மோட்டாருக்குச் செல்ல வேண்டும் என்று ஓட்டுநரின் கால் அழுத்தத்தைக் கண்டு முடிவு செய்யும் கருவி இது. விளக்கு, ஹார்ன், வைப்பர் ஆகியவை பழைய 12 வோல்ட்டிலேயே இயங்கும். அதற்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறு பெட்டி வேறு. பிரேக்கின் கதையைப் பலர் மறந்துவிடுகின்றனர். எஞ்சினோடு சேர்ந்து இயங்கிய பம்பு ஒன்று உண்டாக்கிய வெற்றிடமே மெட்டடார் போன்ற வண்டிகளில் பிரேக்கு மிதிப்பதை எளிதாக்கிற்று. எஞ்சின் போனால் அத்துணையும் போகும். மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பைப் பொருத்தாமல் வண்டியைத் தெருவில் இறக்குவது உயிரோடு விளையாடுவதேயாகும்.

பாட்டரிக்கு வருவோம். இரும்பு பாஸ்பேட் வகையில் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட். 30 செல்களைத் தொடராகக் கட்டினால் 96 வோல்ட். ஒவ்வொன்றும் 200 ஆம்பியர் மணி கொள்ளுமானால் மொத்தம் 19.2 யூனிட். கி.மீ.க்குக் கால் யூனிட் என்று கொண்டால் எழுபத்தைந்து கி.மீ. ஓடும். முழுவதையும் வடித்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால் அறுபது. டில்லியிலோ சென்னையிலோ இவ்வண்டியைக் கண்டு நகைப்பர். அறுபது கி.மீ. ஓடி நிற்கும் வேனைக் கொண்டு ஊர்ப் பயணம் போவது எங்ஙனம் என்பர். ஹேவ்லாக்கிலோ இறங்குதுறையிலிருந்து ராதா நகர் சென்று மீள 24 கி.மீ.; இருமுறை சென்று மீண்டாலும் 48. அத்தீவில் வண்டி தொலைந்துபோகும் அளவுக்குச் சாலை இல்லை. பெருநிலத்தில் குறையாகத் தோன்றுவது அங்கே குறையன்று. பழைய வேனுக்கு ஏற்ற தீவு, தீவுக்கு ஏற்ற வேன் என்று இப்பொருத்தத்தைச் சொல்லலாம்.

உள்ளே கட்டில் அமைக்கும்போது நம் தீவுகளின் படாக் மரத்தின்மேல் ஆசை போகும். அழகிய செம்மரம், ஆனால் கனம் மிகுந்தது. எஞ்சினை வெளியேற்றிய இடத்தில் பாட்டரி ஏறியிருக்கிறது என்பதை மறந்து படாக்கில் கட்டிலும் பலகையும் இழைத்தால், ஒவ்வொரு மேட்டிலும் பாட்டரி அதற்குக் கப்பம் கட்டும். இலேசான பிளைவுட்டே போதும். முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய எடையை ஆலைக்காரர் வண்டியிலேயே பொறித்திருப்பர். வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பவர் அறிவாளி. இன்னொன்று: சமையல் வாயு உருளையையும் பாட்டரிப் பெட்டியையும் ஒரே அறையில் வைக்கலாகாது.

அபாயத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டதை மின்வண்டித் தரநூல்கள் ஆபத்தானது என்றே வகுக்கின்றன. நாம் சொன்னதோ 96 வோல்ட். நம் தீவின் புழுக்கத்தில் கை எப்பொழுதும் வியர்வையோடு இருக்கும். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால் அதில் எழும் தீப்பொறி அணைந்துவிடும். நேர்மின்சாரத்தில் எழும் பொறியோ அணையாது நீண்டு எரியும். ஸ்பானர் ஒன்று தவறி இரு முனைகளுக்கிடையே விழுந்தால் அது சிவந்து உருகிவிடும். மோதிரமும் கைக்கடிகாரமும் அணிந்து இவ்வேலையில் இறங்குபவரை முற்றத்திலிருந்தே வெளியேற்றிவிட வேண்டும். செல்கள் மிகையாக நிரம்பாமலும் மிகையாக வடியாமலும் காக்கும் காவற்கருவி இல்லாமல் ஓர் இரவுகூடச் சார்ஜரில் போடக் கூடாது.

கடற்காற்று மற்றொரு பகை. பழைய வேனை வாங்கும்போது எஞ்சினைப் பாராமல் தரைத்தகட்டைப் பாருங்கள். எஞ்சின் எப்படியும் போகப் போகிறது. தரைத்தகடு துருப்பிடித்திருந்தால் பாட்டரி எதன்மேல் அமரும்? ஆகவே முதல் செலவு டிங்கருக்கு. செம்புக் கம்பியின் முனைகளில் ஈயம் பூசிய லக் வேண்டும். இணைப்புகள் நீர் புகாதனவாக இருக்க வேண்டும். மழையும் உப்பும் ஒரே ஆண்டில் செய்யும் கேட்டைப் பெருநிலத்து மெக்கானிக் கண்டிருக்கமாட்டார். நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இனிச் சட்டம். "வீட்டு முற்றத்திலேயே" என்ற சொல்லுக்கு இங்கேதான் தடை வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2016-இல் வெளிவந்த விதித் திருத்தம் மின்வண்டியாக மாற்றுவதற்கு வழி திறந்தது. ஆனால் வழிக்கு வாயிற்காவல் உண்டு. பொருத்தப்படும் மின்கருவித் தொகுதி புனே, ஒரகடம் போன்ற இடங்களிலுள்ள சோதனை நிலையங்கள் ஒன்றில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அத்தொகுதியைச் செய்தவரோ அவரால் நியமிக்கப்பெற்றவரோதான் அதனைப் பொருத்தலாம். பின்பு பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றம் குறிக்கப்பட வேண்டும். 1990 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டிகளுக்கு அவ்விதி இடம் தரவில்லை.

இந்தக் கடைசி வரி சற்றே வருத்தம் தருவது. மேல்நாட்டில் பழைய வண்டி என்றால் அறுபதுகளின் வண்டி. அதனை மாற்றுவதே அங்குக் கலை. நம் நாட்டு விதி அதற்கு நேர் எதிர். ஸ்டாண்டர்டு 20 வேன் ஒன்று எங்கேனும் உயிரோடு இருந்தாலும் அதனை மின்வண்டியாக்கித் தெருவில் விட இவ்விதியின்படி வழியில்லை. பழைய உடலின் உறுதியைப் பற்றிய அச்சத்தால் எழுந்த விதி என்று கொள்ளலாம், அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் நன்கு சோதித்த பின் இசைவு தரும் வாயில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கலாம் என்பது எம் கருத்து. நம் இளைஞர்களின் மெட்டடார் 1990-க்குப் பின் பிறந்தது என்று அவர்கள் கூறுகின்றனர். முதலில் பதிவுச் சான்றைக் கையில் எடுத்துத் தேதியை உறுதி செய்துகொள்ளட்டும். ஸ்பானர் அதற்குப் பிறகு.

இத்துணையும் வண்டியைப் பற்றியவை. உண்மையான வினா வண்டிக்கு வெளியே இருக்கிறது. சார்ஜரின் பிளக்கைச் சுவரில் செருகும்போது அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது எது?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் ஒன்று நம் தீவுகளை வந்தடைந்தது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள அக்கேபிள் ஹேவ்லாக்கையும் தொட்டுச் செல்கிறது. அதன் வழியே செய்தி வருகிறது, படம் வருகிறது, பாட்டு வருகிறது; மின்சாரம் வருவதில்லை. பெருநிலத்து மின்கட்டமைப்போடு நமக்கு இணைப்பே இல்லை. வட அந்தமானில் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. போர்ட் பிளேரில் நம் நெய்வேலி நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் கதிரொளி நிலையம் பாட்டரித் தொகுதியோடு நிற்கிறது. நிலக்கரி தோண்டிய கை கதிரொளியையும் தொட்டது தமிழர்க்குப் பெருமையே. இவை போக, தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எஞ்சின்கள் தருவது. அந்த டீசலும் கப்பலில் வருவது. ஒரு யூனிட்டை உண்டாக்க அரசுக்கு ஆகும் செலவு நாம் கட்டும் கட்டணத்தைவிட மிகப் பெரிது.

ஆகவே ஹேவ்லாக்கில் வேனின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பூட்டினால், எஞ்சின் மறைந்துவிடவில்லை. வேனிலிருந்து மின் நிலையத்திற்கு இடம் பெயர்ந்தது. கணக்கைப் பாருங்கள். டீசல் மின் நிலையத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3.7 யூனிட் கிடைக்கும். கம்பியில் ஒரு பகுதி இழப்பு, சார்ஜரிலும் பாட்டரியிலும் இன்னொரு பகுதி இழப்பு. வண்டிக்கு எஞ்சுவது 2.7 யூனிட் அளவே. கி.மீ.க்குக் கால் யூனிட் என்று வகுத்தால் 11 கி.மீ. அந்த ஒரு லிட்டர் டீசலை நேராக மெட்டடாரின் தொட்டியில் ஊற்றியிருந்தாலும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. ஓடியிருக்கும்!

சட்டத் தொல்லை, பாட்டரிச் செலவு, கடைசல் வேலை எல்லாம் பட்டு, முடிவில் அதே லிட்டருக்கு அதே தூரம். ராதா நகர்ச் சாலையில் புகை இல்லை, இரைச்சல் இல்லை, கழிவு எண்ணெய் மண்ணில் வழிந்து பவளப் பாறைக் கடலை அடைவதில்லை என்பன மெய்யான நன்மைகளே. அவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் "டீசல் இல்லா வேன்" என்று பக்கத்தில் எழுதிப் பயணிகளை அழைப்பது பொய்யாகும்.

இதற்கு மறுதலையாக ஒரு நாட்டைக் காட்டுவோம். நேபாளத்தின் தலைநகரான காட்மாண்டுவில் விக்ரம் டெம்போ என்னும் மூன்று சக்கர டீசல் வண்டிகள் நகரையே புகையால் மூடியிருந்தன. 1993-இல் அமெரிக்க உதவியோடு அத்தகைய வண்டி ஒன்றின் எஞ்சினை அகற்றி மின்மோட்டார் பொருத்திப் பார்த்தார்கள். அது வெற்றி பெற்றது. உள்ளூர்ப் பட்டறைகளே அவ்வகை வண்டிகளைக் கட்டத் தொடங்கின. தூய்மை என்னும் பொருள் தரும் 'சபா' டெம்போ என்று அதற்குப் பெயர். 1999-இல் டீசல் டெம்போக்கள் அப்பள்ளத்தாக்கிலிருந்து விலக்கப்பட்டன; சபா டெம்போக்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. பெண்கள் பலர் அவற்றின் ஓட்டுநராயினர். ஈய அமிலப் பாட்டரி வடிந்ததும் நிலையத்தில் நிறுத்தி, நிரம்பிய பாட்டரியை மாற்றிக்கொண்டு அடுத்த ஓட்டத்திற்குப் புறப்படுவர். அம்முயற்சியின் உயிர் எங்கிருந்தது? நேபாளத்தின் மின்சாரம் மலையாறுகளிலிருந்து வருவது. எனவே அங்கே புகை இடம் மாறவில்லை, உண்மையிலேயே குறைந்தது. பின்னர் அந்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய ஆண்டுகளில் அதே வண்டிகள் திண்டாடியதும் உண்மை. வண்டியின் வாழ்வு மின்சாரத்தின் வாழ்வோடு பிணைந்தது.

ஹேவ்லாக்கில் ஆறு இல்லை, வெயில் இருக்கிறது. மீண்டும் அந்த 12-க்கு வருவோம். ராதா நகர் சென்று மீள 24 கி.மீ. ஆறு யூனிட். சார்ஜர் இழப்பையும் சேர்த்தால் ஏழு. ஒரு கிலோவாட் கதிரொளிப் பலகை நாள் ஒன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். ஆக, இரண்டு கிலோவாட் பலகைகள் நாளொன்றுக்கு ஒரு போக்குவரத்தைத் தாங்கும். அதற்கு வேண்டிய இடம் ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் கூரையில் பாதிகூட இல்லை. மழைக்காலத்தில் இது பாதியாகக் குறையலாம். அக்காலத்தில் கடலும் கொந்தளித்துப் பயணிகளும் குறைவர் என்பது ஓர் ஆறுதல்.

வேனின் கூரையிலேயே பலகையைப் போட்டுவிட்டால் சார்ஜரே வேண்டாமல் ஓடலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். வேனின் கூரை ஆறு சதுர மீட்டர் தேறினால் பெரிது. அதில் ஒரு கிலோவாட் அடங்கும். நாள் முழுதும் வெயிலில் நின்றால் நான்கு யூனிட், அதாவது 16 கி.மீ. ராதா நகருக்குச் செல்லலாம். திரும்பி வருவதற்கு மறுநாள் வரை கடற்கரையில் படுத்திருக்க வேண்டும். ஓடும் வீட்டில் வருபவர்க்கு அதுவும் ஒரு நன்மைதான் என்று அவர் நகைத்தார். ஆனால் அங்கே மர நிழல் மிகுதி என்பதை அவரே அறிவார்.

ஆகவே எம் கருத்து இது. முதலில் வீட்டுக் கூரையில் இரண்டு கிலோவாட் பலகை, பிறகே வேன். பலகை வந்துவிட்டால் வேன் தாமதமானாலும் வீட்டிற்கு அது பயன்படும். வேன் வந்து பலகை வராவிட்டால், மேலே சொன்ன லிட்டர்க் கணக்கே மிஞ்சும். பகலில் நிற்கும் வேளையில் 16 ஆம்பியர் பிளக்கில் இணைத்தால் மூன்று மணிக்குள் ஒரு போக்குவரத்துக்கு வேண்டியது ஏறிவிடும். கூரைப் பலகையின் மின்சாரம் அந்த நேரத்திலேயே வருவதால் இரவுக்குச் சேர்த்துவைக்கும் தனிப் பாட்டரியும் வேண்டியதில்லை. வேனே அப்பாட்டரி.

முற்றத்தில் எவ்வளவு செய்யலாம் என்ற வினாவிற்கும் விடை கூறிவிடுகிறோம். எஞ்சினையும் தொட்டியையும் இறக்குவது, துருவைச் சுரண்டுவது, தரைத்தகட்டை மாற்றுவது, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் புதுக்குவது, கட்டிலும் அலமாரியும் அமைப்பது, 12 வோல்ட் விளக்குகளுக்குக் கம்பி இழுப்பது ஆகியன அனைத்தையும் முற்றத்தில் செய்யலாம். நாட்கணக்கில் பார்த்தால் வேலையில் பெரும்பகுதி இதுவே. மோட்டார், கன்ட்ரோலர், பாட்டரி ஆகிய தொகுதியை மட்டும் ஒப்புதல் பெற்றவர் பொருத்த வேண்டும். அதற்கு வேன் கப்பலேறிச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கலாம். அல்லது பொருத்துபவர் தொகுதியோடு இங்கு வர வேண்டும். தீவில் ஒரே ஒரு வேனுக்காக எவரும் வரமாட்டார். ஐந்தாறு வேன் வைத்திருப்போர் ஒன்றுசேர்ந்து அழைத்தால் வருவர். ஹேவ்லாக்கில் பழைய வேன் வைத்திருப்போர் தமிழர் மட்டுமல்லர். வங்காளத்து நண்பர்களும் உளர். அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு பட்டியல் எடுக்குமாறு இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறோம். வண்டியின் பெயர், ஆலையிலிருந்து வந்த ஆண்டு, தரைத்தகட்டின் நிலை, நாளொன்றுக்கு ஓடும் தூரம், வீட்டுக் கூரையின் அளவு என ஐந்தே கட்டங்கள் போதும். அடுத்த மாதக் கூட்டத்திற்குள் அப்பட்டியல் வந்துவிட்டால், ஒப்புதல் பெற்ற நிறுவனங்களுக்கு எழுதும் கடிதத்தைச் சங்கமே எழுதித் தரும் என்று செயலாளர் அவர்கள் சற்று முன் எம் காதில் கூறினார்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர்.